கொறித்தல் முயலின் இயல்பு

முயல் கடித்துத் துண்டித்த மின்கம்பி ஒன்றை, இணைப்பிலிருந்து நீக்கிய பின்னர் உற்று நோக்கினால், அதன் முனை கத்தரிக்கோலால் நறுக்கியது போல் சாய்வாகவும் ஒழுங்காகவும் இருத்தலைக் காணலாம். நாய் கடித்த செருப்பு அவ்வாறு இராது. அது கிழிந்து, பிசிறு பிசிறாகத் தொங்கும். தமிழ் இவ்விரு செயல்களுக்கும் வெவ்வேறு சொற்களை வைத்திருக்கிறது. முயல் கொறிக்கும், நாய் குதறும். வட இந்திய நகரங்களில் வளரும் தமிழ்ச் சிறுவர் சிலர், ‘முயல் கம்பியைக் குதறியது’ என்று எழுதிவிடுகின்றனர். எலியும் முயலும் கொறிப்பதற்கு இந்தியில் வழங்கும் ‘குதர்னா’ என்னும் வினை அவர்கள் காதில் பதிந்திருப்பதால் நேரும் மயக்கம் இது. ஒலியில் இரு சொற்களும் அண்டை வீட்டார், பொருளில் அயலார். கூரிய பல்லால் சிறிது சிறிதாக நறுக்குவது கொறித்தல். பற்றி இழுத்துச் சிதைப்பது குதறுதல்.

முயல் ஏன் கொறிக்கிறது என்பதற்கு விடை அதன் வாய்க்குள் இருக்கிறது. அவ்வாயில் 28 பற்கள் உள்ளன. கோரைப்பற்கள் இல்லை. முன்புறத்தே வெட்டுப்பற்கள் ஆறு: கீழே இரண்டு, மேலே நான்கு. மேலே நான்கு என்றால் பார்ப்பவர் நம்பமாட்டார். கண்ணுக்குத் தெரிபவை இரண்டே. அவ்விரண்டின் பின்னால் குச்சி முனை போன்ற சிறுபற்கள் இரண்டு ஒளிந்து நிற்கின்றன. எலிக்கும் அணிலுக்கும் இச்சிறுபற்கள் இல்லை. ஆகவே விலங்கியலார் முயலைக் கொறிவிலங்குகளோடு சேர்க்காமல் தனி வரிசையில் வைத்துள்ளனர். கொறிக்கும் விலங்குகள் யாவும் கொறிவிலங்குகள் ஆகா என்பது ஒரு வேடிக்கையே.

மனிதரின் பால்பற்கள் விழுந்த பின் முளைக்கும் பற்கள் ஓர் அளவோடு நின்றுவிடுகின்றன. முயலின் பற்களோ அது வாழும் நாள் வரையில் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. மேல் வெட்டுப்பல் வாரத்திற்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளரும். தேயாமல் ஓராண்டு வளர்ந்தால் அதன் நீளம் 10 சென்டிமீட்டரைத் தொட்டுவிடும். மாணவர் பெட்டியில் இருக்கும் சிறிய அளவுகோலில் மூன்றில் இரண்டு பங்கு! அத்தகைய பல்லோடு எந்த முயலாலும் உண்ண இயலாது. வளர்ச்சிக்கு ஈடாகத் தேய்மானம் வேண்டும். கடைவாய்ப்பற்களுக்கும் இதே விதிதான். அவை தேயாவிட்டால் அவற்றின் ஓரங்களில் முட்கள் போன்ற கூர்முனைகள் தோன்றி நாவையும் கன்னத்தையும் குத்தும். முயல் வலியால் உணவை ஒதுக்கும். உணவின்றிக் குடல் அசைவு நின்றுபோனால் முயலின் உயிருக்கே கேடு.

வீடுகளில் வளர்க்கப்படும் முயல்கள் அனைத்தும் ஐரோப்பியக் குழிமுயலின் வழிவந்தவை. ஸ்பெயினும் போர்ச்சுகலும் அதன் பழைய தாயகம். அது மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். வளையின் குறுக்கே வேர் ஒன்று நீண்டிருந்தால் அதனை நறுக்கி வழியைச் சீராக்கும். நரி துரத்தி வரும் வேளையில் வேர் தடுக்கினால் என்ன ஆகும்? தலைமுறை தலைமுறையாக வந்த அப்பழக்கம், மூன்றாம் மாடியில் பளிங்குத் தரையில் வளரும் முயலிடமும் மறையவில்லை. சோபாவின் அடியிலுள்ள இருள் அதற்கு ஒரு வளை. சுவரோரம் நெளிந்து கிடக்கும் கம்பி அவ்வளையில் நீண்டிருக்கும் வேர்.

நம் நாட்டுக் காட்டுமுயல் வேறு இனம். அது வளை தோண்டாது. புதர் மறைவில் தரைமேல் படுக்கும். அதன் குட்டிகள் உரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். குழிமுயலின் குட்டிகள் உரோமமின்றி, கண்மூடிப் பிறக்கும். தமிழில் இரண்டையும் முயல் என்றே அழைக்கிறோம். காட்டுமுயலைப் பிடித்து வீட்டில் வைத்தல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு மாறானது.

தில்லியில் அரசு ஊழியர் குடியிருப்பின் தரைத்தளத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தந்தை, தாய், ஏழாம் வகுப்பில் பயிலும் மகள், நான்காம் வகுப்பில் பயிலும் மகன் ஆகிய நால்வர். சூன் மாதத்தில் பேரப்பிள்ளைகளைக் காணத் திருநெல்வேலியிலிருந்து ஆச்சியும் வந்திருந்தார். ஆறாவதாக, பஞ்சு என்னும் ஏழு மாத முயல். ஓராண்டு நிரம்பாத முயல்களே மிகுதியாகக் கொறிக்கும்; பஞ்சுவும் அதற்கு விலக்கன்று. ஒரு மாதத்திற்குள் கைப்பேசிக்கு மின்னூட்டும் கம்பிகள் இரண்டு துண்டாயின. புத்தக அலமாரியின் அடிவிளிம்பு தேய்ந்து வெள்ளை மரம் தெரிந்தது. மேசைக்கால் ஒன்று நடுவில் ஒடுங்கி உடுக்கையைப் போல் ஆயிற்று. இவற்றையெல்லாம் வீட்டார் சிரித்துப் பொறுத்துக்கொண்டனர்.

பின்னர் ஒருநாள் விடியற்காலையில் தந்தை கூலருக்கு நீர் நிரப்பச் சென்றார். கூலர் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மின்கம்பியின் உறை உரிந்து, உள்ளிருந்த செம்பு ஒளிர்ந்தது. கம்பிக்கு அருகே கூலரிலிருந்து ஒழுகிய நீர் தேங்கியிருந்தது.

அவர் சுவிட்சை அணைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு மகளை அழைத்து, “பாப்பா, ஞாயிற்றுக்கிழமைக்குள் இதனை யாரிடமாவது ஒப்படைத்துவிடுவோம். பொருள் போனால் வாங்கிக்கொள்ளலாம். இந்த ஈரத்தில் நீயோ தம்பியோ வெறுங்காலோடு மிதித்திருந்தால் என்ன செய்வேன்?” என்றார்.

தந்தையின் சொல்லில் கடுமை இருந்தது, தவறு இல்லை. நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்டு அழுத்தம் உடையது. உறை உரிந்த கம்பியைக் கடித்த முயல் அந்நொடியே இறக்கலாம். அது தப்பினாலும், வெளிப்பட்ட கம்பிகள் ஒன்றோடொன்று உரசித் தீப்பொறி பறக்கலாம். ஆர்.சி.சி.பி. என்று மின்பணியாளர் குறிப்பிடும் மின்கசிவுத் தடுப்பான் பொருத்தப்பட்ட வீடுகளில், 30 மில்லிஆம்பியர் அளவுக்கு மின்சாரம் தரைக்குக் கசிந்தாலே இணைப்பு அற்றுவிடும். மனிதரைக் காக்க அது பேருதவி. எனினும் இரு கம்பிகளையும் ஒருசேரக் கடிக்கும் முயலை அது காப்பாற்றிவிடும் என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது.

“பூங்காவில் விட்டுவிட்டால் புல் தின்று பிழைத்துக்கொள்ளும் அல்லவா, அக்கா?” என்று மகன் கேட்டான்.

விடை ஆச்சியிடமிருந்து வந்தது. “வீட்டில் வளர்ந்த பிராணிக்கு நாயைக் கண்டு ஓடவும் தெரியாது, பருந்தைக் கண்டு ஒளியவும் தெரியாது, ஐயா. ஒரு பொழுது தாங்காது.”

ஆச்சி சொன்னது அனுபவம். சட்டமும் அவர் பக்கமே நிற்கிறது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் வகையில் வளர்ப்பு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுதல் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.

அன்று மாலை மகள் செய்த செயல் எளியது. ஆனால் முயல் வளர்ப்போர் பலர் செய்யாதது. அவள் தரையில் குப்புறப் படுத்து, பஞ்சுவின் கண் உயரத்திலிருந்து வீட்டைப் பார்த்தாள். நின்றுகொண்டு எண்ணியபோது கூடத்தில் நான்கு கம்பிகளே இருந்தன. படுத்து எண்ணியபோது பதினொன்று இருந்தன. குளிர்பதனப் பெட்டியின் பின்புறம் ஒன்று, தொலைக்காட்சி மேசையின் கீழே மூன்று, கட்டிலின் அடியில் யாரும் நினைவில் வைத்திராத இணைப்புப் பெட்டி ஒன்று. எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தந்தையிடம் கொடுத்தாள். பட்டியலின் கடைசி வரியில், ‘அப்பாவின் கைப்பேசிக் கம்பி, நாள்தோறும் இரவில் தரையில்’ என்று இருந்தது. தந்தை அதனை இருமுறை படித்தார்.

மறுநாள் மின்பணியாளர் வந்தார். கூலரின் பழுதுபட்ட கம்பியை நாடாச் சுற்றி ஒட்டாமல் முழுவதுமாக மாற்றினார். ஒட்டுநாடாவை முயல் ஒரு மணிப்பொழுதில் உரித்துவிடும். சுவரோரக் கம்பிகள் மூன்று அடிக்கு மேலே உயர்த்தப்பட்டன. வளர்ந்த முயல் பின்னங்கால்களில் நிமிர்ந்தும் தாவியும் எட்டும் உயரத்தை அது கடந்துவிடும். உயர்த்த இயலாத கம்பிகளைத் தடித்த நெகிழிக் குழாய்க்குள் நுழைத்தார். தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும் குழாயை நெடுக்காகப் பிளந்து கம்பியை அதனுள் வைக்கலாம், செலவு குறைவு. ஆயினும் குழாயையும் முயல் கொறித்துப் பார்க்கும். ஆகவே அது நிலையான காப்பு ஆகாது. வாரம் ஒருமுறை கைவிரலால் தடவிப் பார்க்க வேண்டும், அதுவும் இணைப்பை அணைத்த பின்னரே. குளிர்பதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்து பலகையால் அடைக்கப்பட்டது. இணைப்புப் பெட்டி மேசைமேல் ஏறியது. தந்தையின் கைப்பேசிக் கம்பிக்குச் சுவரில் ஒரு கொக்கி கிடைத்தது.

மேசைக்காலுக்கு மகன் ஒரு வழி கண்டுபிடித்தான். சமையலறையிலிருந்து மிளகாய்ப்பொடிக் கிண்ணத்தோடு வந்தான். ஆச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். மிளகாய்த்தூள் முயலின் கண்ணிலும் மூக்கிலும் படிந்து புண்ணாக்கும். முயல் முகத்தைத் துடைக்கும் கால்களாலேயே அத்தூளை மேலும் பரப்பும். கடைகளில் விற்கும் கசப்பு நீர்மங்கள் தீங்கற்றவையாக இருக்கலாம். சில முயல்கள் அவற்றைக் கண்டு விலகும், சில நக்கிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடரும். தகரப் பட்டையோ தடித்த அட்டையோ காலைச் சுற்றிக் கட்டுவது இவற்றினும் மேல். அடிப்பதால் பயன் ஏதும் இல்லை. அடிக்கும் முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றை முயல் இணைத்துப் பார்ப்பதில்லை. அடித்த கைக்கு மட்டும் அஞ்சும். காதைப் பிடித்துத் தூக்குதலும் கொடுமையே. கம்பியருகே கண்டால் ஒருமுறை கைதட்டி, ‘வேண்டாம்’ என்று கூறி, கொறிக்கத்தக்க குச்சி ஒன்றை அதன் முன் வைத்தால் போதும். நூறு முறை செய்ய நேரிடலாம். முயல் மெதுவாகக் கற்கும்.

இத்தனை காவலுக்குப் பின்னும் பஞ்சு நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில், ஆச்சி ஊரிலிருந்து கொண்டுவந்த கோரைப்பாயின் ஓரத்தை ஒரு சாண் அளவுக்குத் தின்றுவிட்டது. மகள் அழும் நிலைக்கு வந்துவிட்டாள். ஆச்சி பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “புல் தின்னும் பிராணி புல்லைத் தின்றிருக்கிறது. இது பாய் என்று அதற்கு யார் சொன்னார்கள்? நீங்கள் அதற்குப் புல்லே போடுவதில்லையா?” என்றார்.

வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். காலையில் சப்பாத்தித் துண்டு, மாலையில் பிஸ்கட்டு, இடையிடையே கேரட்டு. இவையே பஞ்சுவின் உணவு. கேலிச்சித்திரங்களில் வரும் முயல்கள் எப்போதும் கேரட்டைக் கையில் வைத்திருப்பதால் அதுவே முயலின் உணவு என்னும் எண்ணம் உலகெங்கும் பரவிவிட்டது. கேரட்டில் சர்க்கரை மிகுதி. அது முயலுக்குத் தின்பண்டம். மாவுப் பண்டங்களோ அதன் குடலுக்கு ஒவ்வாதவை.

சனிக்கிழமையன்று தாயும் மகளும் பஞ்சுவைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசென்றனர். அவர் முதலில் கேட்டதும் அதே கேள்விதான். வாயைத் திறந்து சிறு விளக்கால் பார்த்தபோது, கடைவாய்ப்பல் ஒன்றின் ஓரத்தில் கூர்முனை தோன்றத் தொடங்கியிருந்தது. கம்பியையும் மரத்தையும் அவ்வளவு கொறித்த முயலுக்குப் பல் தேயவில்லையா என்று மகள் வியந்தாள். மருத்துவர் விளக்கினார். மரத்தைக் கொறித்தால் முன்பற்கள் மட்டுமே தேயும். கடைவாய்ப்பற்கள் தேய வேண்டுமானால் முயல் மணிக்கணக்கில் தாடையைப் பக்கவாட்டில் அசைத்து நாருள்ள உணவை அரைக்க வேண்டும். புல்லில் மணற்சத்து நுண்துகள்களாகக் கலந்திருக்கிறது. அதுவே முயலின் அரம். ஆகவே உண்ணும் உணவில் ஐந்தில் நான்கு பங்காவது உலர்புல்லாக இருத்தல் வேண்டும். இரவும் பகலும் குறைவின்றி அது கிடைக்க வேண்டும். புல் மென்றுகொண்டிருக்கும் வாய்க்குக் கம்பியைத் தேடும் நேரம் குறையும்.

ஈண்டுச் சொல்வேறுபாடு ஒன்றை அறிதல் நலம். உலர்புல் வேறு, வைக்கோல் வேறு. கதிர் முற்றி நெல்லைப் பிரித்த பின் எஞ்சும் வெறுந்தாள் வைக்கோல். அது படுக்கைக்கு ஆகும், உணவாகப் போதாது. பசுமையாக இருக்கும்போதே அறுத்துக் காயவைத்தது உலர்புல். குதிரைமசால் என்னும் தீவனப்பயிர் வளரும் குட்டிகளுக்கு ஏற்றது. அதில் சுண்ணாம்புச் சத்து மிகுதி ஆதலால் வளர்ந்த முயல்களுக்குச் சிறிதளவே தரலாம். தில்லியில் ‘தூப்’ என்று விற்கப்படுவது நம் அறுகம்புல்லேயாம். ஆச்சி அதனைப் பார்த்தவுடன் பெயர் சொல்லிவிட்டார். பேரப்பிள்ளைகள் பிள்ளையார் சதுர்த்தியன்று மட்டுமே அதனைக் கண்டிருந்தனர். பச்சைப்புல்லைப் பழகாத முயலுக்கு ஒரேநாளில் மிகுதியாகக் கொடுத்தால் வயிறு கெடும். நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். பூச்சிமருந்து தெளித்த புல்வெளியிலும், நாய்கள் நடமாடும் பாதையோரத்திலும் பறித்த புல் ஆகாது.

குச்சிகளிலும் நல்லனவும் தீயனவும் உண்டு. ஆப்பிள் மரக்குச்சி, மூங்கில், தில்லித் தெருக்களில் நிழல் தரும் முசுக்கொட்டை மரத்தின் குச்சி ஆகியவற்றை நன்கு காயவைத்துத் தரலாம். சாலையோரங்களில் அழகாகப் பூத்து நிற்கும் அரளி கொடிய நஞ்சு. இலையும் குச்சியும் பூவும் எல்லாம் நஞ்சு. எருக்கும் அத்தகையதே. பெயர் தெரியாத மரத்தின் குச்சியைத் தராமல் இருப்பதே அறிவுடைமை. வார்னிஷ் பூசிய மரம், பசையால் ஒட்டிய ஒட்டுப்பலகை, ஈயம் கலந்திருக்கக்கூடிய பழைய வண்ணம் பூசிய கதவு ஆகியவை முயலின் வாய்க்கு உரியன அல்ல. நாம் மேசையைக் காப்பது மேசைக்காக மட்டும் இல்லை. முயலால் வாந்தி எடுக்க இயலாது. விழுங்கிய நெகிழித் துண்டும் கம்பள நூலும் குடலை அடைத்துக்கொள்ளும்.

சோர்வும் தனிமையும் கொறித்தலை மிகுவிக்கின்றன. நாள் முழுவதும் கூண்டில் அடைபட்ட முயல் கூண்டுக் கம்பியையே கடிக்கும். விடியலும் அந்தியும் முயல் துள்ளித் திரியும் வேளைகள். அவ்வேளைகளில் காவலுள்ள அறையில் அதனை ஓடவிட வேண்டும். ஆணி, ஒட்டுநாடா, பளபளப்பு மை இல்லாத அட்டைப்பெட்டி ஒன்றில் இரு வாயில்களை வெட்டி, உள்ளே உலர்புல்லை நிரப்பி வைத்தால் அது ஒரு வளை ஆகிவிடும். பஞ்சுவுக்குக் கிடைத்த முதற்பெட்டி மூன்று நாளில் தூளாயிற்று. மகன் அதனைப் பெருமையோடு அனைவருக்கும் காட்டினான். பருவமடைந்த முயல்களுக்குக் கருத்தடை அறுவை செய்தால் கொறித்தலும் தோண்டுதலும் பெரும்பாலும் தணியும்; எப்போது செய்வது என்பதை மருத்துவரே கூற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தந்தை செய்தித்தாளைப் படித்தார், கூலருக்கு நீர் நிரப்பினார், புதிய கம்பியைத் தடவிப் பார்த்தார். பஞ்சுவைப் பற்றி எதுவும் கூறவில்லை. மாலையில் கடைக்குச் சென்றவர் காய்களோடு ஒரு கட்டு அறுகம்புல்லும் வாங்கிவந்தார்.

வட இந்தியக் கோடையைப் பற்றியும் ஒரு சொல். முயல் குளிர் தாங்கும், வெப்பம் தாங்காது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள ஆராய்ச்சி மையத்தில் முயல்கள் வளர்க்கப்படுகின்றன. அம்மலைக்குளிர் அவற்றுக்கு ஏற்றது. வெப்பம் 30 பாகையைக் கடந்தாலே முயல் தளரத் தொடங்கும். தில்லியில் 40 பாகையைக் கடக்கும் நாள்கள் பல. ஆகவே முயல் கூலரின் அருகையே நாடும். அங்கேதான் கம்பியும் இருக்கிறது. கூலரின் காற்று எட்டும் வேறோர் இடத்தில் ஈரத்துணி சுற்றிய நீர்ப்புட்டி ஒன்றை வைத்து, அங்கே அதனைப் படுக்கப் பழக்க வேண்டும். குளிர்காலத்தில் அறைச்சூடேற்றியின் கம்பிக்கும் இதே காவல் தேவை.

முயலுக்கு மின்சாரம் தாக்கிவிட்டால் சிறுவர் செய்ய வேண்டுவது ஒன்றே: தொடாமல் பெரியவரை அழைத்தல். தொட்டவர் உடலிலும் மின்சாரம் பாயும். பெரியவர் முதன்மைச் சுவிட்சை அணைத்த பின்னரே முயலைத் தூக்கலாம். அது எழுந்து ஓடினாலும் நலம் என்று விட்டுவிடலாகாது. வாயினுள் தீப்புண் மறைந்திருக்கும். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்தலும் உண்டு. மென்மையான துணியில் பொதிந்து அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். மின்தாக்குதல் இல்லாவிடினும், பன்னிரண்டு மணி நேரம் உண்ணாமலும் புழுக்கையிடாமலும் முயல் ஒடுங்கிக் கிடந்தால் மருத்துவ உதவிக்குக் காலம் தாழ்த்தலாகாது.

சொல்லும் பொருளும்

வாளாவிருத்தல் – ஒன்றும் செய்யாமல் இருத்தல்
இணைப்பு அறுதல் – தொடர்பு துண்டிக்கப்படுதல்
அரம் – இரும்பையும் மரத்தையும் தேய்க்கும் கருவி
ஈண்டு – இங்கே
சாண் – விரித்த கையில் கட்டைவிரல் நுனி முதல் சிறுவிரல் நுனி வரையுள்ள அளவு
புழுக்கை – ஆடு, முயல் முதலியவற்றின் உருண்டையான கழிவு

பயிற்சி

1. ‘கோரைப்பல்’, ‘கோரைப்பாய்’ ஆகிய இரு சொற்களும் பாடத்தில் வந்துள்ளன. முயலிடம் எது இல்லை? முயல் எதனைத் தின்றது? இரண்டையும் ஒரே தொடரில் அமைத்து எழுதுக.

2. கொறி, குதறு, மெல், மேய், அசைபோடு ஆகிய வினைகளுள் பொருத்தமானதைத் தக்க வடிவில் எழுதுக.
அ) அணில் மதில்மேல் அமர்ந்து நிலக்கடலையை ________.
ஆ) மாடு மரநிழலில் படுத்து ________.
இ) ஆச்சி வெற்றிலையை ________.
ஈ) நாய்க்குட்டி மிதியடியைக் ________.
உ) ஆடுகள் மலைச்சரிவில் ________.

3. ‘தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்’ என்னும் பழமொழியை உங்கள் வீட்டில் யார், எப்போது கூறுவர்? நிகழ்ந்த ஒன்றை ஐந்து தொடர்களில் எழுதுக.

4. தந்தை ‘முயலை ஒப்படைத்துவிடுவோம்’ என்றது சரியா? அவர் அஞ்சியது எதற்கு? மகளின் இடத்தில் நீங்கள் இருந்தால் அவருக்கு என்ன விடை கூறியிருப்பீர்கள்? உரையாடலாக எழுதுக.

5. உங்கள் தாத்தா, பாட்டியிடம் தொலைபேசியில் கேட்டு எழுதுக: அவர்கள் ஊரில் ஆடு மாடுகளுக்கு இடும் புல் வகைகளின் பெயர்கள் யாவை? வைக்கோலைக் குவித்து வைப்பதற்கு அங்கே என்ன சொல் வழங்குகிறது?

6. பெரியவர் ஒருவர் உடனிருக்க, உங்கள் வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு கண்ணில் படும் மின்கம்பிகளை எண்ணுக. பின்னர்த் தரையில் படுத்து எண்ணுக. எதனையும் தொடாதீர். இரு எண்களையும், இரண்டாம் முறை மட்டும் தெரிந்த கம்பிகள் எங்கே இருந்தன என்பதையும் குறித்து வருக.